சொன்னாளா

அமீன் ஆறு மணிக்குக் கீழே போய் மோட்டார் போட்டான். கதவில் தொங்கிய பையிலிருந்து பால் பாக்கெட்டுகளை எடுத்தான். ஒன்றைக் காய்ச்சினான். இன்னொன்றை ஃபிரிட்ஜில் வைத்தான். பல் தேய்த்தான். காலியான தண்ணீர் கேனை வாசலில் வைத்தான். எல்லாம் எப்போதும்போலத்தான் நடந்தது. ஹாலில் அவன் மனைவி வஜீஹாவைப் படுக்கவைத்திருந்தார்கள்.

"டேங்க் நெறஞ்சிடுச்சா மாப்ள? குளிப்பாட்டணும்" என்றார் ஜைதூன் பீ, மாமியாரின் அக்கா.

"நெறஞ்சிரும் பெரியம்மா."

டெங்கு என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள், ஒரு வாரம்கூட ஆகவில்லை, கச்சேரி ரோட்டு வீட்டுக்கு ஆம்புலன்ஸில் திரும்பியிருந்தாள்.

பெண்கள் அவளை உள்ளே தூக்கிப்போய்க் கதவைச் சாத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் ஜைதூன் பீ தலையை நீட்டினார்.

"நகத்துல என்னப்பா இது, மருதாணியா? எவ்ளோ தேய்ச்சும் போகமாட்டேங்குது."

"மருதாணி இல்ல. லேப்ல பட்ட கறை. பர்மாங்கனேட்டு. விட்டுடுங்க."

"எங்க போனாலும் லேபையும் தூக்கிக்கிட்டுத்தான் போவாளா இவ" என்றவர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

இதே பெரியம்மாதான் ஒரு பெருநாளன்று கேட்டார்: "எத்தினி வருஷமா மருந்து கண்டுபிடிக்கிறே? ஒரு மாத்திரையாவது கடைக்கு வந்துச்சா?"

வஜீஹா பிரியாணியிலிருந்த பட்டையை எடுத்து ஓரமாக வைத்தாள். "வராத மாத்திரையால இதுவரைக்கும் யாரும் சாகல பெரியம்மா."

எல்லோரும் சிரித்தார்கள். அமீன் சிரிக்கவில்லை. காசநோய்க்காக அவள் செய்துபார்த்த சேர்மங்களில் ஒன்றே ஒன்று எலிகளிடம் வேலை செய்தது. பிறகு எலிகளுக்குக் கல்லீரல் கெட ஆரம்பித்தது. யாரும் கேட்பதற்கு முன்னால் அவளே எழுதிக்கொடுத்து அதை நிறுத்தினாள். அன்று வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல், மடித்துவைத்திருந்த துணிகளை எல்லாம் உதறி மறுபடி மடித்தாள். மறுநாள் வேறொன்றை ஆரம்பித்தாள்.

கபன் துணி சுற்றி அவளை வெளியே கொண்டுவந்தபோது மாமியார் ஹாஜிரா பீ அவன் கையைப் பிடித்தார். ஐசியுவில் கடைசியாக அவளோடு இருந்தவன் அவன் ஒருவன்தான்.

"உசுரு போறப்ப கலிமா சொன்னாளா மாப்ள?"

ஓதிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். மொட்டைமாடியில் டேங்க் நிறைந்து தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. மோட்டாரை அணைக்க மறந்திருந்தான்.

"சொன்னா மாமி."

"முழுசா?"

"முழுசா."

ஹாஜிரா பீ அவன் கையைத் தன் முகத்தில் ஒற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு வந்தவர்களிடமெல்லாம் அழாமல் சொன்னார், "கலிமாவோட போனா எம் பொண்ணு." வெயில் ஏற ஏற அது வளர்ந்தது. சிரிச்ச முகமாச் சொன்னாளாம். மூணு தடவ சொன்னாளாம்.

நிரஞ்சன் வந்து மாடிப்படியிலேயே நின்றான். வஜீஹாவிடம் பிஎச்.டி. செய்பவன். அவன் விரல்களிலும் அதே பழுப்புக் கறை.

"சார், மேடம் கடைசியா ஏதாச்சும் சொன்னாங்களா? எங்களுக்கு, லேபுக்கு..."

அமீன் அந்த விரல்களைப் பார்த்தான்.

"இல்லப்பா. பேசுற நிலைமைல இல்ல."

நிரஞ்சன் தலையாட்டினான். சந்தூக்குப் பெட்டியைத் தூக்கும்போது, "நானும் புடிக்கலாமா சார்?" என்றான். அமீன் நகர்ந்து இடம் விட்டான்.

மையவாடியில் அமீன் குழிக்குள் மூன்று பிடி மண் போட்டான். கலிமாவோடு போனவள், கொடுத்துவைத்தவள் என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

ஐசியுவில் அவன் அவள் காதருகே குனிந்து கலிமாவைச் சொல்லியிருந்தான். ஒவ்வொரு சொல்லாக, அவள் திருப்பிச் சொல்ல இடம் விட்டு. மறுபடியும் சொன்னான். "சொல்லு வஜீ" என்றான்.

வஜீஹா கண்ணைத் திறந்தாள். அவனை நேராகப் பார்த்தாள். லேபில் நிற்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவனுக்குப் புரிவதற்குள், மாஸ்க்கை ஒதுக்கிவிட்டு, கோபமில்லாமல், பொறுமையாகச் சொன்னாள்:

"பொடில இன்னும் ஈரம் போகல நிரஞ்சன். இப்பவே எடை போடாத."