துள்ளல் மேஸ்திரி

"ஏணியை விடுக்கா!"

"முதல்ல இறங்குடா. எழுபது வயசுல ஏணியில என்ன—"

"அறுபத்தெட்டு!"

"—சர்க்கஸ் உனக்கு? நாளைக்கு இன்ஜினியர் பார்த்துட்டுப் போகட்டும், அப்புறம் தூண் வைக்கலாம்."

"இன்னிக்கே வைக்கணும்."

தம்பி இறங்கவில்லை. பட்டறையின் நடுவில், உத்திரத்திலிருந்து தூக்குக்குண்டு விட்டு, அது தொட்ட இடத்தில் தரையில் சாக்கட்டியால் குறி போட்டிருந்தான். மேலே இருக்கும் அறையில் அவன் மகள் நடன வகுப்பு தொடங்கப் போகிறாள். இருபது பேர் குதிப்பதைத் தளம் தாங்குமா என்று சோதிக்க நாளைக் காலை ஆள் வருகிறது. அதற்குள் ஒரு தூணை முட்டுக் கொடுத்துவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான்.

கீழே நின்ற அக்கா ஏணியை விடவில்லை. இந்தப் பட்டறைக்கு வரைபடமும் கணக்கும் போட்டது அவள். இரும்பை வெட்டி ஒட்டி நிறுத்தியது அவன். நாற்பது வருஷம் மேலே அவள் மேசை, கீழே அவன் வெல்டிங். அவள் விறுவிறுவென்று நடந்தால் தளம் லேசாகத் துள்ளும், அலமாரிக் கண்ணாடி கிணுகிணுக்கும். கீழே இருந்து குரல் வரும்: "டேய், அக்கா கோபமா நடக்குது, எல்லாரும் வேலையைப் பாருங்க!" வந்தவர்கள் காபியைச் சிந்திக்கொண்டு சிரிப்பார்கள். அவனுக்குத் துள்ளல் மேஸ்திரி என்றே பேராகிவிட்டது. எத்தனை நல்ல நாட்கள்! அந்தச் சிரிப்பில் அவளும்தான் சேர்ந்துகொண்டாள். அதுதான் இப்போது உறுத்தியது.

பட்டறை கட்டியபோது, வரைபடத்தில் அவள் எழுதிய உத்திரம் கடையில் இல்லை. அவன் போன் செய்து, உயரம் குறைந்த ஒன்று இருக்கிறது, ஆனால் வலு கூடின ரகம், போதுமா என்று கேட்டான். முறிகிற கணக்கை மட்டும் போட்டுப் பார்த்து, போதும் என்றாள். எந்த ரக எஃகானாலும் பாரம் ஏறினால் ஒரே மாதிரிதான் வளைந்து கொடுக்கும். வலு கூடினது நிரந்தரமாகக் கோணிப்போகக் கொஞ்சம் கூடுதல் பாரம் கேட்கும், அவ்வளவுதான். தொய்வைக் குறைப்பது உத்திரத்தின் உயரம். அதை அவள் மறந்தாள். தளம் துள்ளிய முதல் நாள், "சைஸைத் தப்பாச் சொல்லிட்டேன் போலிருக்கு" என்று அவனே தலையைச் சொறிந்தான். அவள் வாயைத் திறக்கவில்லை.

"யாருக்குடா பயப்படுறே? அது முறியாது. துள்ளும், அவ்வளவுதானே."

"முறியாதுன்னு எனக்கும் தெரியும். துள்ளினா வரைபடத்தைக் கேப்பாங்க. நான் தப்பா வாங்கினதுன்னு முன்னாடியே சொல்லிட்டுத் தூணைக் காட்டினா, பேச்சு அதோட முடிஞ்சிடும்."

அவள் ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். இப்போதும் பேசாமல் விட்டால், பழி இன்னொரு முறை அவன் தலையில்தான் விழும்.

"நீ தப்பா வாங்கலைடா. போன்ல சரியாத்தான் சொன்னே. தொய்வைப் பார்க்காம விட்டது நான். நாளைக்கு வர்றவங்ககிட்ட நானே சொல்றேன். இறங்கு."

அவன் இறங்கினான். மெதுவாக, ஒவ்வொரு படியாக. கையிலிருந்த சாக்கட்டித் தூளைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"சரியாத்தான் சொன்னேன்னு எனக்குத் தெரியாதாக்கா? கடைக்காரன் சீட்டைக் கையில வச்சுக்கிட்டுத்தான் போன்ல உனக்குப் படிச்சேன்."

"தெரிஞ்சுமாடா? நாற்பது வருஷமா ஊர் சிரிச்சுதே உன்னைப் பார்த்து!"

தூக்குக்குண்டின் நூலைச் சுற்றியபடியே, அவளைப் பார்க்காமல் சொன்னான்:

"அது உனக்கு முதல் வேலைக்கா. நான் அன்னிக்கு வாயைத் திறந்திருந்தா, ஒரு பொம்பளை போட்ட கணக்கை நம்பி அப்புறம் யாரு இரும்பை வெட்டியிருப்பாங்க?"