நாலு முழ நிழல்

எங்கள் ஊர்த் தூங்குமூஞ்சி மரத்தின் நிழலை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். ஒற்றைச் செருப்பை அடையாளமாக விட்டுவிட்டு, வேண்டிய அளவை மடித்து வாங்கிக்கொள்ள வேண்டும். மாலை ஐந்தரைக்கு மரம் இலைகளை மூடித் தூங்கப் போகும். அதற்குள் நிழலைத் திருப்பிவிட வேண்டும். ஒரு முழம் குறைந்தாலும் அதற்குத் தூக்கம் வராது.

எங்கள் குழந்தை பிறந்து பதினோரு நாள். சித்திரை வெயில், அஸ்பெஸ்டாஸ் கூரை. உடம்பெல்லாம் வியர்க்குரு வந்து மூன்று நாளாகச் சரியாகக் கண் மூடவில்லை. நான் போய் நாலு முழம் நிழல் வாங்கி வந்தேன். அதில் ஒட்டியிருந்த இளஞ்சிவப்புப் பூக்களை உதறிவிட்டுத் தொட்டில் மேல் விரித்தேன். குழந்தை தூங்கிவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி தமயந்தியும் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். எனக்கு அழுகை வந்தது.

ஐந்து மணிக்கு நிழலின் ஓரத்தை மெல்ல இழுத்தேன். குழந்தையின் உதடு கோணியது.

"கைய எடுங்க," என்றாள் தமயந்தி, கண்ணைத் திறக்காமலே.

எடுத்துவிட்டேன். கொஞ்ச நேரம் இருந்து பார்த்துவிட்டு, ஒற்றைச் செருப்போடு மரத்தடிக்குப் போனேன். மணி ஆறாகப் போகிறது. மரம் இலையெல்லாம் விரித்தபடி கொட்டக் கொட்ட விழித்து நின்றது. கீழே நிழலில் நாலு முழத்துக்கு ஓர் ஓட்டை. அதில் மட்டும் வெயில் கிடந்தது. மரத்துக் காவலர் தேவசகாயம் என் இன்னொரு செருப்பைக் கையில் வைத்திருந்தார்.

"இன்னிக்குத் தூங்கலைன்னா நாளைக்கு இலை பூரா கொட்டிடும் தம்பி. அப்புறம் ஊருக்கே நிழல் கிடையாது. உங்க வீட்டுல இருக்கறதும் போயிடும்."

"குழந்தை தூங்குதுண்ணே."

அவர் மரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க எத்தனை முழம்?"

எட்டுச் சாண் உடம்பு, சரியாக நாலு முழம். ஓட்டையில் படுத்துக்கொண்டேன். கை கால் எங்கும் இடிக்கவில்லை. மரம் கிளை கிளையாக இலைகளை மூடியது. எனக்கும் கண் சொருகியது.

காலையில் விழித்தபோது என்னை யாரோ மடித்து எடுத்துப் போயிருந்தார்கள். எங்கள் தெருமுனையில் இஸ்திரி போடும் குப்பம்மாளின் வண்டிக்கு மேல் விரிந்திருந்தேன். அவர் ஒற்றைச் செருப்போடு நின்று சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். கரிப்பெட்டியின் சூடு முதுகில் ஏறியது.

"இன்னிக்கு நிழல் கொஞ்சம் கனமா இருக்கு," என்றார், துணி வாங்க வந்தவரிடம்.

எங்கள் வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் எதுவும் வரவில்லை. நான் வெயிலுக்குத் தக்கபடி சற்று நகர்ந்துகொண்டேன்.