மூன்றாவது நேசமரியன்

வீட்டுவேலை கொடுக்கிற ரீச்சர்மாருக்கு வீடுகளில் என்ன கிடக்கிறதென்று தெரியாது. தெரிந்திருந்தால் மெலிசாவின் ரீச்சர் அப்படியொன்றைக் கொடுத்திருக்கமாட்டா. உங்கள் குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது, அதன் பொருள் என்ன, உலகத்தில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் இருக்கிறது, இரண்டு பக்கத்தில் எழுதி வியாழக்கிழமை கொண்டு வரவேண்டுமாம்.

வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு இது அரை மணித்தியால வேலை. முப்பாட்டன் பேக்கரியில் பாண் சுட்டவனாகவோ இரும்படித்தவனாகவோ இருந்திருப்பான், அதை எழுதிக் கொடுத்துவிடலாம். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? தகப்பனுடைய பெயரைத் தூக்கிப் பின்னால் ஒட்டிவிட்டு, கேட்கிறவனுக்கு அதுதான் குடும்பப் பெயர் என்று சமாளிக்கிறோம். கலியாணம் செய்த பெண்ணென்றால் புருஷனுடைய பெயர். பேர்ணடெற்றும் அவளுடைய மகள் மெலிசாவும் நேசமரியன் ஆனது இப்படித்தான். நேசமரியன் என்பது ஒரு குடும்பமில்லை. ஒரு ஆள். பேர்ணடெற்றின் புருஷன், மெலிசாவின் தகப்பன்.

நான் அகஸ்ரின். பதின்மூன்று வருடமாக அவர்களோடு கனடாவில், ஸ்காபரோவின் மோர்னிங்சைட்டில் ஒரே வீட்டில் இருக்கிறேன். பேர்ணடெற்றுக்கு நான் என்ன முறை என்று கேட்டால் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் அதற்குப் பதில் இல்லை. முதல் புருஷன் இறந்ததற்கு ஒரு கடுதாசி இல்லாமல் கலியாணம் எழுத முடியாதென்று சுவாமியார் சொல்லிவிட்டார். கடுதாசி எடுக்க வழி இருக்கிறது. அவள்தான் கையெழுத்து வைக்கமாட்டாள். "செத்ததை ஆர் கண்டது?" என்பாள். யுத்தம் முடிந்த 2009ஆம் ஆண்டு வைகாசியில், வட்டுவாகலில் சனத்தோடு சனமாக ஆமியிடம் நடந்துவந்தபோது ஆண்களைத் தனியாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். எட்டு மாதப் பிள்ளையை அவளுடைய கையில் கொடுத்து, "நீ இவளோட போ, நான் பின்னால வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனவன். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

மெலிசா என்னை அங்கிள் என்றுதான் கூப்பிடுவாள். அப்பா என்ற சொல்லை அவளுடைய தாய் அவனுக்கென்று எடுத்து வைத்திருக்கிறாள். எனக்கு அதில் மனவருத்தமில்லை என்று சொன்னால் அது பொய்.

புதன்கிழமை பின்னேரம் மெலிசா சாப்பாட்டு மேசையில் கொம்பியூட்டரை விரித்துக்கொண்டு குந்தினாள்.

"அம்மா, நேசமரியன் எண்டா மீனிங் என்ன?"

"தேப்பன் நேசமுத்து, தாய் மரியம்மா. ரெண்டையும் ஒட்டி வைச்சவை," என்றாள் அடுப்படியில் நின்ற பேர்ணடெற். "மன்னாரிலயே வேற ஒருத்தருக்கும் அந்தப் பேர் இல்லை. அவருக்கு அதில சரியான புளுகம், பெருமையாச் சொல்லித் திரிவார்."

"ஸோ கூல்! பேரை அடிச்சா எத்தினை பேர் எண்டு காட்டுற சைட் ஒண்டு இருக்கு. வெயிட். ஓ மை கோட், அம்மா! ஹோல் வேர்ல்ட்லயே த்ரீ பீப்பிள். மூண்டும் கனடா. ஸ்காபரோவில ரெண்டு, மிசிசாகாவில ஒண்டு."

பேர்ணடெற் அடுப்பை நிற்பாட்டிவிட்டு வந்தாள். "ஸ்காபரோவில ரெண்டும் நாங்கள். மிசிசாகாவில ஆர்?"

எனக்குத் தெரியும்.

மெலிசாவுக்கு ஐந்து வயதாக இருந்தபோது எனக்கு விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை. அந்தப் பனிக்காலத்தில், கிழமை நாட்களில் மட்டும் பக்கத்திலேயே மிசிசாகாவில் ஒரு பேஸ்மென்ற் அறையில் தங்கினேன். பின்னேரங்களில் அங்கிளோடு கதைக்கவேண்டுமென்று பிள்ளை அடம்பிடித்ததால் ரெலிபோன் லைன் ஒன்று எடுத்தேன். கொம்பனிக்காரி குடும்பப் பெயர் கேட்டாள். என்னுடைய தகப்பனார் செல்வரட்ணத்தின் பெயரைச் சொல்லியிருக்கவேண்டும். நேசமரியன் என்றேன். எழுத்துக்கூட்டியும் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில், டொக்டரிடம், போகிற இடமெல்லாம் அவர்கள் இரண்டு பேரும் ஒரு பெயர், நான் வேறொரு பெயர். ஒரு ரெலிபோன் பில்லிலாவது அவர்களுடைய ஆளாக இருக்க ஆசைப்பட்டேன். எங்கள் வழக்கப்படி பார்த்தால் அந்தப் பில்லில் நான் நேசமரியனுக்கு மகன்! மூளை உள்ள தமிழன் செய்கிற வேலையா இது? பங்குனியில் லைனை வெட்டினேன். அதோடு மறந்தும் போனேன். இன்ரநெற்றுக்கு மறதி கிடையாது.

நான் வாயைத் திறப்பதற்குள் பேர்ணடெற் எல்லாவற்றையும் தானே கட்டி முடித்துவிட்டாள். ஒற்றைப் பெயரோடு வந்து இறங்குகிறவர்களுக்கு இங்கே அந்தப் பெயரையே குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டுவிடுவார்கள். எங்கள் ஆட்களில் எத்தனையோ பேருக்கு நடந்த பிழைதான்.

"அவர் தன்ர பேரை மட்டும்தான் சொல்லியிருப்பார்," என்றாள். "தேப்பன்ர பேரைச் சொல்லப் பயந்திருப்பார். எங்களைத் தேடி இருப்பார், என்ன? நாங்கள் எத்தினை வீடு மாறிட்டம்."

அந்த முகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. பதின்மூன்று வருடத்தில் நான் என்ன செய்தும் அவளுடைய முகம் அப்படி மலர்ந்ததில்லை. பொறாமையோ பயமோ, நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன்.

வியாழன் போனது. வெள்ளிக்கிழமை மெலிசா எங்கேயோ ஒரு பழைய விலாசப் பட்டியலைத் தேடிப் பிடித்தாள். அதில் நேசமரியன் என்ற பெயரும் தெருவும் வீட்டு இலக்கமும் இருந்தன. முதற்பெயர் இல்லை. பேர்ணடெற்றுக்கு அது போதும். நான் இருந்த அந்த வீட்டுப் பக்கம் அவள் ஒருநாளும் வந்ததில்லை, விலாசமும் அவளுக்குத் தெரியாது. அப்போது எங்களுக்குக் காரும் இல்லை.

சனிக்கிழமை காலை தேத்தண்ணியை என்முன் வைத்துவிட்டு நின்றாள்.

"இஞ்சேருங்கோ, ஒண்டு கேட்டாக் கோவிக்கமாட்டியளே?"

"கேளும்."

"அவர் வந்தா நீங்கள் எங்க போவியள்?"

விரட்டுகிற கேள்வியில்லை. இந்தப் பனிக்குள் எனக்கு ஒழுங்கான இடம் கிடைக்குமோ என்ற உண்மையான கவலையோடுதான் கேட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை. அவள் கோபமாகக் கேட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை திருப்பிக் கேட்டிருப்பேன்.

"கூட்டாளிமார் இருக்கினம்," என்றேன். "நீர் அதை யோசியாதையும்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தவுடன் அவளை ஏற்றிக்கொண்டு மிசிசாகாவுக்குப் போனேன். மெலிசா தனக்குப் பயமாயிருக்கிறதென்று வீட்டிலேயே நின்றுவிட்டாள். பேர்ணடெற் கறுப்புக் கரை போட்ட மஞ்சள் சேலை உடுத்திருந்தாள். வழி முழுக்கக் கதைத்துக்கொண்டே வந்தாள். அவனுக்கு மீன் தலை பிடிக்கும், அவனுக்குக் குளிர் ஆகாது, மெலிசாவின் காது அப்படியே அவனுடைய காது. இதில் ஒன்றைக்கூட அதற்கு முன் எனக்குச் சொன்னதில்லை. நெடுஞ்சாலையில் வெளியேறும் வழி காட்டுகிற ஒவ்வொரு பலகையைக் கண்டபோதும் சொல்ல நினைத்தேன். கடைசியில் அந்த வீட்டு வாசலில் காரை நிற்பாட்டிய பிறகுதான் சொன்னேன்.

"பேர்ணடெற், அது நான்."

"எது நீங்கள்?"

"அந்த மூண்டாவது ஆள். உந்த பேஸ்மென்றிலதான் அந்த வின்ரர் முழுக்க இருந்தனான். ரெலிபோனை அந்தப் பேரில எடுத்தது நான்தான்."

அவள் வீட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏன்?"

"உங்கட பேரில நானும் இருக்க ஆசைப்பட்டன்."

"எப்ப தெரியும்?"

"புதன்கிழமையே தெரியும்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கதவைத் திறந்து இறங்கி, பனிக்குள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கக் கதவடிக்குப் போய்த் தட்டினாள். தலைப்பாகை கட்டிய ஒரு பஞ்சாபி இளைஞன் திறந்தான். கைப்பையிலிருந்து நேசமரியனுடைய படத்தை எடுத்து நீட்டினாள். அவன் படத்தை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, மரியாதையாகக் கனநேரம் பார்த்துவிட்டு இல்லையென்று தலையை ஆட்டினான். அவள் திரும்பவும் என்னவோ கேட்டாள். அவன் திரும்பவும் தலையை ஆட்டினான்.

வந்து காருக்குள் இருந்தவளுடைய செருப்புக் காலெல்லாம் பனி.

"உங்களை நம்பாமலில்லை," என்றாள். "தட்டாமல் போனா, தட்டிப் பாத்திருக்கலாமெண்டு சாகும்வரைக்கும் கிடக்கும்."

பிறகு அழுதாள். சத்தம் போட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கார்க் கண்ணாடியில் தலையை மோதி அழுதாள். அவள் அழுது நான் கண்டது அதுதான் முதல் தடவை. நான் கையைப் பிடிக்கப் போனேன், எடுத்துவிட்டாள். வாழ்க்கையில் நான் ஒரு மனிதனைக் கொன்றேன் என்றால் அது அன்றைக்குத்தான். என்னுடைய சோம்பேறி வாயால் அவனை நாலு நாள் உயிரோடு வைத்திருந்தேன், அதே வாயால் கொன்றேன்.

ஸ்காபரோவுக்குள் நுழைந்தபோது, "கோயிலுக்கு விடுங்கோ," என்றாள்.

கோயில் அலுவலகத்தில் ஸ்டெபனி அன்ரி பூசைக் கொப்பியோடு இருந்தா. வருடா வருடம் வைகாசியில் நேசமரியன் சுகமாக வந்துசேரப் பேர்ணடெற் கொடுக்கிற நேர்த்திப் பூசையை எழுதுகிறவ அவதான்.

"வழமையான பூசைதானே, பிள்ளை? இந்த வருஷம் வெள்ளனவே வந்திட்டீர்."

"இல்லை, அன்ரி. ஆன்ம இளைப்பாற்றிக்கு."

அது செத்தவர்களுக்குக் கொடுக்கிற பூசை. ஸ்டெபனி அன்ரி என்னைப் பார்த்தா. பிறகு பேனையைத் திறந்து, பெயரைக் கேளாமலே எழுதினா.

"இறந்த திகதி, பிள்ளை?"

பேர்ணடெற் என்னுடைய பக்கம் திரும்பினாள். மிசிசாகாவிலிருந்து வந்த வழியில் ஒரு தடவையும் என்னைப் பாராதவள்.

"இண்டைக்கு என்ன திகதி?" என்று கேட்டாள்.

சொன்னேன். அதையே எழுதச் சொன்னாள்.