பல் டாக்டருக்கு முதல் போணி

ஆரியசாலைக் கடைத்தெருவில் பல்வலி வந்தவர்கள் எல்லாம் மூன்று வருஷமாகக் கயிற்றுக்கடைப் பெண் மாளவிகாவுக்காகக் காத்திருந்தார்கள். சிரிக்காதீர்கள், நிஜம்தான். மிளகாய் மண்டிக்காரருக்கு முன்பல் ஆட்டம். பாத்திரக்கடை ஆச்சிக்கு இரண்டு பக்கமும் சொத்தை. சுமட்டுத் தொழிலாளி வேலாயுதனுக்குக் கீழ்த்தாடையில் ஒரு கடைவாய்ப்பல் இருந்தது. வாரத்துக்கு இரண்டு நாள் அது கன்னத்தைப் பணியாரம் மாதிரி வீங்க வைக்கும். மனுஷர் கிராம்பை இடுக்கிக்கொண்டு மூட்டை தூக்குவார். ஆஸ்பத்திரிக்குப் போயேன் ஓய் என்றால், "நம்மட மோளு டாக்டராயிட்டு வரட்டும். முதல் போணி என் பல்லு" என்பார்.

அந்தத் தெருவில் போணி என்பது விளையாட்டில்லை. யாராவது புதுக்கடை திறக்கப் போகிறார்கள் என்றால், அக்கம்பக்கத்தார் வாங்க வேண்டிய சாமானை ஒரு மாசம் முன்பே வாங்காமல் நிறுத்திவைத்து, திறக்கிற அன்று விடியற்காலையில் வந்து நிற்பார்கள். போணி வாங்கிவிட்டால் அப்புறம் ஷட்டரை இறக்கக் கூடாது. இடியே விழுந்தாலும் கடை திறந்திருக்க வேண்டும். விளக்குமாறு வாங்க அது நல்ல வழக்கம்தான். பல்லுக்கும் அதே சட்டத்தைப் போட்டார்கள் பாருங்கள், அங்கேதான் தப்பு நடந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் மாளவிகாவின் அப்பா உமாசங்கர். தாத்தா காலத்தில் நாகர்கோவில் பக்கமிருந்து இந்த மலையாள ஊருக்கு வந்து கயிறும் தார்ப்பாயும் மொத்த வியாபாரம் செய்கிற குடும்பம். மாளவிகா பிளஸ் ஒன்னில் பயாலஜி குரூப் எடுத்தாள், அவ்வளவுதான். அதே வாரம் தம்பானூரில் ஒரு வயசான பல் டாக்டர் கிளினிக்கை மூடுகிறார் என்று கேள்விப்பட்டு, அவருடைய நாற்காலியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். விளக்கு, எச்சில் துப்புகிற தொட்டி, எல்லாம் சேர்த்து. மாடிப்படியில் ஏறவில்லை. கடைக் கயிற்றையே கட்டி ஆறு பேர் தெருவிலிருந்து மேலே இழுத்தார்கள். முன்னால் நின்று 'ஏலேலோ' போட்டது வேலாயுதன். தொட்டிலை வாங்கிவிட்டுப் பெண் பார்க்கப் போன கதை என்று அம்மா வடிவாம்பாள் அன்றைக்கே சொன்னாள். யார் கேட்டார்கள்?

நாற்காலி தார்ப்பாய் போர்த்திக்கொண்டு மாடியில் உட்கார்ந்தது. மாளவிகா நீட் எழுதினாள், கிடைக்கவில்லை. ஒரு வருஷம் கோச்சிங்கில் உட்கார்ந்து மறுபடியும் எழுதினாள். பரீட்சை முடிந்து வெளியே வரும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிசிக்ஸ் அவள் மண்டையில் ஏறவே ஏறாது, அந்த நாற்காலி படியில் ஏறாத மாதிரி. ரிசல்ட் வந்தபோது தகுதி மார்க்குக்கே பதினோரு மார்க் குறைவு. ரேங்க்கைப் பற்றி அப்புறம் பேச என்ன இருக்கிறது?

உடனே ஊர் முழுக்க யோசனைக்காரர்களாக மாறினார்கள். நர்சிங் படித்து ஜெர்மனிக்குப் போ என்றார் ஒருத்தர். ஜார்ஜியாவில் எம்பிபிஎஸ் என்றார் இன்னொருத்தர். அங்கே போனவன் குளிரில் மூக்கு சிவந்து திரும்பி வந்ததை அவர் சொல்லவில்லை. அப்பா மட்டும், "இன்னும் ஒரு தடவை எழுது மக்ளே" என்றார். மூன்றாவது தடவை! அந்த வார்த்தையைக் கேட்டதும் மாளவிகாவுக்குக் கழுத்தில் கயிறு விழுந்த மாதிரி இருந்தது.

ஆனால் அவளிடம் ஒரு திட்டம் இருந்தது. டென்டல் மெக்கானிக், இரண்டு வருஷ டிப்ளமா. நோயாளி வாயில் டாக்டர் அளவெடுத்து அனுப்பினால் அதற்குப் பல் செய்து கொடுக்கிற வேலை. பிளஸ் டூ மார்க் போதும், நீட் வேண்டாம். கோச்சிங் தோழியின் அக்காவோடு ஒரு நாள் அப்படியொரு லேபுக்குப் போயிருந்தாள். மெழுகுக் கட்டியைச் செதுக்கி அவர்கள் கடைவாய்ப்பல் செய்வதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து மெழுகுவர்த்தியில் அவளும் ஒன்று செதுக்கினாள். இரண்டு வருஷத்தில் அவள் சந்தோஷமாகச் செய்த ஒரே காரியம் அதுதான். அப்பாவிடம் சொல்லாமல் போனிலேயே விண்ணப்பம் போட்டாள். அலாட்மென்ட்டும் வந்துவிட்டது! புதன்கிழமை நாலு மணிக்குள் ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டோடு போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் சீட் அடுத்த ஆளுக்கு.

சொல்லப் பயந்து பயந்து புதன்கிழமையே வந்துவிட்டது. காலை பத்தரைக்குக் கடையில் போய் நின்றாள். சர்ட்டிபிகேட் பைல் எப்போதும் கடையின் இரும்புப் பெட்டியில்தான் இருக்கும்.

"அப்பா, என் ஒரிஜினல் எல்லாம் வேணும். இன்னைக்கு அட்மிஷன்."

"என்ன அட்மிஷன்?"

சொன்னாள். உமாசங்கர் கயிற்றை அளந்துகொண்டிருந்தவர் அப்படியே நிறுத்தினார். "மெக்கானிக்கா? தெருவெல்லாம் டாக்டர்னு சொல்லி வச்சிருக்கேன். இப்பம் மெக்கானிக்குன்னா, எந்த ஒர்க்‌ஷாப்புலன்னு கேப்பான்."

"கேக்கட்டும்பா. எனக்கு அது வரும். நெஜமாட்டு வரும். பைலைத் தாங்க, நாலு மணிக்குள்ள போணும்."

அவர் பெட்டிப் பக்கம் திரும்பவே இல்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பைல் இஞ்ச இல்ல மக்ளே."

பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். ஏப்ரல் மாசமே, பரீட்சைக்கு முன்னாலேயே, எல்லை தாண்டி நாகர்கோவில் பக்கம் ஒரு தனியார் பல் காலேஜில் சீட் பிடித்துத் தருகிறேன் என்று நாகேஸ்வரன் என்றொரு ஏஜென்ட் வந்தாராம். ஒரிஜினல்களை அவர் கையில் கொடுத்துவிட்டார். "மழைக்கு முன்னால தார்ப்பாய்க்கு அச்சாரம் குடுக்கேம்லா, அதுபோலத்தான். சீசன் வந்தப்புறம் ஓடினா சரக்கு கிடைக்காது. ரூவா வேண்டாம், சர்ட்டிபிகேட் போதும்னு சொன்னான். நல்லதுதானேன்னு நெனச்சேன்."

அச்சாரம்! அவளுடைய பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் டி.சி.யும் அச்சாரமாகப் போயிருந்தது. நாற்பது வருஷம் சரக்கு வாங்கி விற்ற மனுஷருக்கு, அச்சாரம் போட்ட சாமான் கைவிட்டுப் போகாது என்பதுதான் வேதம். பெண் சரக்கில்லை என்பது ஏன் அவருக்கு உறைக்கவில்லை?

"தகுதி மார்க் இல்லாம எந்தக் காலேஜும் எடுக்காதுப்பா. எவ்வளவு குடுத்தாலும் எடுக்காது."

"கடைசி ரவுண்டுல சீட் மிஞ்சும். அப்பம் கட் ஆஃபை எறக்குவாவ. முன்னால எறக்கியிருக்காவளாம்."

அதுதான் கொடுமை. முழுப் பொய்யென்றால் சண்டை போட்டுக் கிழித்திருக்கலாம். சில வருஷம் இறங்கியிருக்கிறது, அது அவளுக்கும் தெரியும். இறங்குமா இறங்காதா என்று பார்க்க வருஷக் கடைசிவரை அந்தப் பைல் யாரோ ஒருத்தன் மேஜையில் கிடக்க வேண்டும், அவள் இங்கே கிடக்க வேண்டும்.

நாகேஸ்வரனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "இன்னைக்கே வேணுமா? பாப்பா தமாஷ் பண்ணுகா. லெட்டர் எழுதிக் குடுங்க அண்ணாச்சி, பதினஞ்சு நாள்ல எடுத்துத் தாரேன். ஆனா எடுத்தா சீட் போச்சு, பாத்துக்கிடுங்க."

உமாசங்கர் பெண்ணைப் பார்த்தார். "கேட்டியா? கையில இருக்கதை விட்டுட்டா நிக்கச் சொல்லுக?" கையில் என்ன இருக்கிறது என்று மாளவிகா கேட்கவில்லை. அவர் கெட்டவரில்லை, அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டம். உடனே ஆள் விட்டு அவளுக்கு நன்னாரி சர்பத் வாங்கிவரச் சொன்னார்.

சர்பத்தைக் குடிக்காமல் வெளியே வந்தாள். கயிற்றுக் கட்டின்மேல் வேலாயுதன் சாய்ந்து கிடந்தார். கன்னம் கண்வரை வீங்கியிருந்தது, உடம்பு கொதித்தது. அவளைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணுமில்ல மோளே, வெறும் சூடு" என்றார்.

அப்போது வந்தது மாளவிகாவுக்கு ஒரு கோபம், அப்பாமேல் வர வேண்டியதெல்லாம் சேர்த்து. "எழும்புங்க மாமா. ஆட்டோல ஏறுங்க."

"எங்கோட்டு?"

"பல்லைப் பிடுங்க. எனக்காகக் காத்திருந்தா நீங்க செத்துருவீங்க."

அவள் சேர வேண்டிய பல் காலேஜுக்கே கூட்டிக்கொண்டு போனாள். கீழே ஆஸ்பத்திரி, மேலே அட்மிஷன். வேலாயுதனை டோக்கனோடு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு மேலே ஓடினாள். ஆபீஸ் சேச்சி லிஸ்ட்டில் அவள் பெயரைப் பார்த்தாள், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கையை நீட்டினாள். விஷயத்தைக் கேட்டதும் பேனாவை மூடினாள்.

"ஒரிஜினல் இல்லாதெ ஞான் எந்து செய்யும் மோளே? நாலு மணி வரெ இவிடெத்தன்னே உண்டு. ஆரெங்கிலும் கொண்டுவருமோ?"

நாலு மணிவரை சேச்சி இங்கேயே இருப்பாள், ஆனால் யாரும் கொண்டுவர மாட்டார்கள். பக்கத்து அறைக் கதவு திறந்திருந்தது. அவள் வயசுப் பெண்கள் ஏழெட்டுப் பேர் ஸ்டூலில் உட்கார்ந்து மெழுகைச் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி செதுக்கினதை ஊதிவிட்டுப் பார்த்து, தப்பாக இருக்கிறதென்று தானே சிரித்தாள். மாளவிகாவுக்கு அழுகை வந்தது. இவ்வளவு பக்கத்தில் இருந்தது, ஒரு வாசல்படி தூரம். மூன்றே முக்காலுக்குத்தான் கீழே வேலாயுதனின் நம்பரைக் கூப்பிட்டார்கள், இறங்கிப் போனாள்.

இளம் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத் திட்டினார். "இது எத்தனை நாளாயி?"

"மூணு வருஷம்" என்றார் வேலாயுதன், பெருமையாக. "இந்த மோளுக்கு வேண்டி வச்சிருந்ததா சாரே."

டாக்டர் அவளைத் திரும்பிப் பார்த்து, அங்கே படிக்கிறவள் என்று நினைத்து எந்த வருஷம் என்று கேட்டார். "ஓ, இயாள் ஏது இயரா?"

மாளவிகா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று ஐம்பது. ஊசி போட்டு, மரத்துப் போகக் காத்திருந்து, அந்தப் பாவி பல்லைப் பிடுங்கி முடித்தபோது நாலரை.

ஆட்டோவில் திரும்பும்போது வேலாயுதன் வாயில் பஞ்சோடு அழுதுகொண்டே வந்தார். வலியில்லை. அவள் போணியைத் தான் கெடுத்துவிட்டோமாம். மாளவிகா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். சீட் போனது போகட்டும், பொய்யாவது போகட்டும்.

கடை வாசலில் அப்பா, மிளகாய் மண்டிக்காரர், பாத்திரக்கடை ஆச்சி எல்லாரும் நின்றார்கள். இறங்கின சூட்டோடு உரக்கச் சொன்னாள்: "வேலாயுதன் மாமாவுக்குப் பல் எடுத்தாச்சு. நீங்க எல்லாரும் நாளைக்கே போய்ப் பாத்துக்கிடுங்க. எனக்காக ஒருத்தரும் காத்திருக்க வேண்டாம். நான் டாக்டராக மாட்டேன்."

சொல்லி முடித்த அந்த ஒரு நிமிஷம் அவளுக்கு மூச்சு நன்றாக வந்தது.

அப்புறம் வேலாயுதன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். ஆஸ்பத்திரியில் கெஞ்சி வாங்கி வந்திருக்கிறார். உள்ளே அந்தக் கடைவாய்ப்பல், வேரில் ரத்தம் காயாமல். அதோடு ஒரு நூறு ரூபாய்த் தாளைச் சேர்த்து அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி, மேலே தன் கையால் மூடினார். பஞ்சைத் துப்பிவிட்டுக் குழறிக் குழறிச் சொன்னார்: "மோளு கொண்டுபோயிட்டல்லே எடுத்தது? அப்போ மோளு எடுத்ததுதான். இது போணி."

"அது சரியாக்கும்!" என்றாள் ஆச்சி. நாலு பேர் கைதட்டினார்கள். உமாசங்கரின் கண் நிறைந்துவிட்டது. மகள் தலையில் கைவைத்தார்.

"போணி வாங்கியாச்சு மக்ளே. இனி ஷட்டரை எறக்கப்படாது. இன்னும் ஒரு தடவை எழுது."

"அப்பம் அடுத்தது என் பல்லு" என்று மிளகாய் மண்டிக்காரர் ஆடுகிற முன்பல்லைத் தொட்டுக் காட்டினார்.

வேண்டாம் என்று சொல்லிப் பல்லைத் திருப்பிக் கொடுக்க மாளவிகா கையை இழுத்துப் பார்த்தாள். மூட்டை தூக்கிக் காய்த்துப்போன வேலாயுதனின் கை அது. விடவில்லை.