ஆளில்லாத பீடம்

ஜெர்மனியின் கொலோன் நகரில் ரைன் ஆற்றங்கரைப் பூங்காவில் அந்தக் கோடையில் அமெரிக்கச் சிற்பிகளின் கண்காட்சி ஒன்று நடந்தது. கருப்பொருள் சுதந்திரம். நுழைவு இலவசம். மகள் ஆதிரை அந்தக் கண்காட்சி அலுவலகத்தில்தான் வேலை செய்தாள். அதனால் ஞாயிற்றுக்கிழமை போய்வருவோம் என்று மனைவி மகாதேவி கேட்டபோது ஸ்ரீதரனுக்குச் சந்தேகம் ஒன்றும் வரவில்லை. கைத்தொலைபேசியை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னதுதான் கொஞ்சம் புதுமையாக இருந்தது.

ஸ்ரீதரன் பஸ் சாரதியாக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றவர். மகாதேவி ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் இன்னும் அரைநாள் வேலை செய்பவர்.

பூங்காவில் முதலில் பெரிய இரும்பு வளையம் ஒன்று நின்றது.

"துருப்பிடிச்சுப் போச்சு," என்றார் ஸ்ரீதரன்.

"வேணுமெண்டுதான் பிடிக்க விட்டிருக்கினம்."

அடுத்துக் கதவில்லாத கூடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். அதற்கடுத்து ஒரு நீண்ட மர வாங்கு. கால் உளைந்ததால் ஸ்ரீதரன் அதில் உட்கார்ந்தார். காவலாளி ஓடிவந்து, அது சிற்பம் என்று எழுப்பிவிட்டார். அதன் பெயர் 'களைத்தவர்களுக்கு' என்று பலகையில் எழுதியிருந்தது.

மரங்களுக்கு அப்பால் சிறு கூட்டம் ஒன்று நின்றது. நடுவில் ஒரு உயரமான கற்பீடம். அதன்மேல் அரசனோ குதிரையோ இல்லை. பின்பக்கம் படிகள் இருந்தன. விரும்பியவர் ஏறி நின்று எந்த மொழியிலும் எதையும் பேசலாம், கீழே நிற்பவர்கள் கேட்க வேண்டும், அவ்வளவுதான் சிற்பம் என்று பச்சைச் சட்டை போட்ட வழிகாட்டிப் பெண் விளக்கினாள். ஒருவர் ஏறி ரயில்கள் பிந்துவதைப் பற்றிப் பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு சிறுமி ஏறித் தனக்கு முயல் வேண்டும் என்றாள். அதற்கும் தட்டினார்கள்.

மகாதேவி கைப்பையை ஸ்ரீதரனிடம் கொடுத்துவிட்டுப் படியேறினார்.

"இஞ்சருங்கோ," என்றார் மேலிருந்து. "நான் தனிய இருக்க ஒரு வீடெடுத்திருக்கிறன். நிப்பெஸிலை. அடுத்த மாசம் போறன்."

ஸ்ரீதரன் பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே தமிழர் வேறு யாரும் இல்லை.

"வீட்டிலை எத்தினையோ தரம் சொன்னனான். ஒண்டில் டிவி ஓடும், இல்லாட்டி உங்கடை போன் ஓடும். உங்களிலை எனக்குக் கோவமில்லை. நீங்கள் குடிச்சதில்லை, கை நீட்டினதில்லை. ஆனால் நான் பிறந்த நாளிலையிருந்து ஒரு அறையிலை தனிய இருந்ததில்லை. ஊரிலை வீடு நிறையச் சனம். அகதி முகாமிலை ரெண்டு குடும்பத்துக்கு ஒரு அறை. பிறகு பிள்ளையள். பிறகு டிவி. எனக்குக் கதவைச் சாத்திப்போட்டுச் சத்தமில்லாமல் இருக்கோணும். அவ்வளவுதான்."

கூட்டம் கைதட்டியது. முன்னால் நின்ற ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மிக அழகாகப் பேசினார். என்ன சொன்னார்?" என்று வழிகாட்டிப் பெண் ஸ்ரீதரனிடம் கேட்டாள்.

ஆறு அழகாக இருக்கிறதென்று சொன்னார் எனச் சமாளிக்கத்தான் நினைத்தார். அந்த அவசரத்தில் ஜெர்மன் மொழியில் பொய் வரவில்லை.

"என்னுடைய மனைவி தனியாக இருக்க ஒரு வீடு வாடகைக்கு எடுத்திருக்கிறார்."

"கொலோனிலா?"

"ஆம், நிப்பெஸ் பகுதியில்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. தான் இரண்டு வருடமாகத் தேடுகிறேன், ஒன்றும் கிடைக்கவில்லை என்றார் ரயில்களைப் பற்றிப் பேசியவர். பால்கனி உண்டா என்று இன்னொருவர் கேட்டார். ஸ்ரீதரனுக்குத் தெரியாது.

"பல்கணி இருக்கோ எண்டு கேக்கினம்."

"ஓம். சின்னன். வெயில் படும்."

அவர் மொழிபெயர்த்தார். முதலில் தட்டியதைவிடப் பலமாகத் தட்டினார்கள்.

"லிஃப்ட் இருக்கோ?" இதை யாரும் கேட்கச் சொல்லவில்லை.

"இல்லை. மூண்டாம் மாடி."

"உமக்கு முழங்கால் நோ எல்லோ?"

"அது என்ரை முழங்கால்."

வழிகாட்டிப் பெண் காத்திருந்தாள். அது குடும்ப விஷயம் என்றார் ஸ்ரீதரன்.

மகாதேவி இறங்கிவந்து கைப்பையை வாங்கிக்கொண்டார். இருவரும் ட்ராம் நிறுத்தத்துக்கு நடந்தார்கள்.

"ஆதிரைக்குத் தெரியுமோ?"

"அவள்தான் வீடு பாத்துத் தந்தவள்."

"நான் ஆகலும் சத்தமாவே டிவி வைக்கிறனான்?"

"ஓம்."

"முந்தியே சொல்லியிருக்கலாம்."

மகாதேவி அவரைத் திரும்பிப் பார்த்தார். சொன்னதையே மறந்து கேட்கிறோம் என்று ஸ்ரீதரனுக்கு அப்போதுதான் பட்டது. வீட்டுக்குப் போய் அவர் டிவியைப் போடவில்லை. குளிர்சாதனப் பெட்டி உறுமுவது கேட்டது. அது இத்தனை காலமும் உறுமிக்கொண்டுதான் இருந்ததா என்று மகாதேவியிடம் கேட்க வாயெடுத்தார். பிறகு கேட்கவில்லை.

விஷயம் பரவியதும் தமிழ்ச் சங்கத்துப் பாலச்சந்திரன் தொலைபேசி எடுத்தார்.

"அண்ணை, நாங்கள் நாலு பேர் வந்து அக்காவோடை கதைக்கட்டோ?"

"வாறதெண்டால் சனிக்கிழமை வாங்கோ," என்றார் ஸ்ரீதரன். "அலுமாரி பாரம். தனிய ஏத்த ஏலாது."

நாலு பேரும் வரவில்லை. ஸ்ரீதரனும் ஆதிரையும்தான் அலுமாரியை மூன்று மாடி ஏற்றினார்கள். மகாதேவி முன்னால் நடந்து, சுவரில் இடிக்காமல் வரச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னேரம் வரலாம் என்று ஏற்பாடு. முதல் ஞாயிறு ஸ்ரீதரன் சவரம் செய்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனார். வாசலில் அழைப்புமணிகளின் வரிசையில் 'ஸ்ரீதரன்' என்று ஒன்று இருந்தது. ஜெர்மனிக்கு வந்த காலத்தில் கணவன் பெயரையே மனைவிக்குக் குடும்பப் பெயராகப் பதிந்துவிட்டார்கள். அவர் தன் பெயரை அழுத்தினார்.

"ஆர்?" என்றது குரல்.

"ஸ்ரீதரன்."

"மேலை வாங்கோ."

பால்கனியில் ஒரே ஒரு கதிரைதான் இருந்தது. மகாதேவி அதில் உட்கார்ந்திருந்தார். ஸ்ரீதரன் பால்கனிக் கதவு நிலையில் சாய்ந்து நின்றபடி தேநீர் குடித்தார். அன்றைக்கு அவர் மழையைப் பற்றிப் பேசினார். அவர் பேசி முடியும்வரை மகாதேவி கேட்டார். பிறகு மகாதேவி சலவைப் பகுதியில் புதிதாக வந்த மேலாளரைப் பற்றிச் சொன்னார். அப்படி ஒரு மேலாளர் வந்ததே ஸ்ரீதரனுக்குத் தெரியாது. நிறையக் கேள்வி கேட்டார்.

அடுத்த ஞாயிறு மடக்குக் கதிரை ஒன்றைக் கொண்டுபோனார். மகாதேவி அதை விரித்துத் தன் கதிரைக்குப் பக்கத்தில் போட்டார். ஸ்ரீதரன் புறப்படும்போது மடித்து அவர் கையில் கொடுத்தார்.

"கொண்டு போங்கோ. இஞ்சை வைக்க இடமில்லை."

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் ஸ்ரீதரன் கதிரையோடு போய்க் கதிரையோடு வருகிறார். ட்ராமில் இடம் கிடைக்காத நாட்களில் அது உதவியாக இருக்கிறது.