பெட்ரோல் மூடியின் உள்பக்கம்

...யாருக்குத் தெரியப் போகுது என்றுதான் பிரதீபன் சொன்னார், என் வீட்டுக்காரர், காலையில் தேயிலை ஃபேக்டரிக்குக் கிளம்புகிற அவசரத்தில், ஒரு காலில் செருப்பு ஏறியும் மறு காலில் ஏறாமலும், "சிங்களம்னு போட்டுரு கோகிலா, யாருக்குத் தெரியப் போகுது", அவ்வளவுதான், போய்விட்டார் மனுஷன், படிவம் என் கைப்பையில் இருக்கிறது, எங்கள் மகள் சுஜீதாவை டவுன் சிங்களப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்குச் சேர்க்கிற படிவம், எல்லாவற்றையும் அழகாக அவரே நிரப்பிவிட்டு ஒரே ஒரு பெட்டியை மட்டும் எனக்கென்று விட்டு வைத்திருக்கிறார், 'வீட்டில் பேசும் மொழி', ஏன், அதையும் எழுதியிருந்தால் பேனாவா தேய்ந்துவிடும், பொய் எழுத மட்டும் பெண்டாட்டி கை வேண்டுமாக்கும்... மணி மூன்றாகிறது, நான்கரைக்குத் தபால் கந்தோரை மூடிவிடுவார்கள், படிவத்தை அனுப்ப இன்றுதான் கடைசி நாள், நானோ இந்தப் பெயிண்ட் கடை மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஸியாமும் ஆஸிக்கும் ஒரு முடிவுக்கு வருவதற்காகக் காத்திருக்கிறேன்.

வரமாட்டார்கள். நாலு வருஷமாக இந்த இரண்டு மச்சான்மாரையும் எனக்குத் தெரியும், இரத்தினபுரியில் மாணிக்கக்கல் வியாபாரம், ஞாயிற்றுக்கிழமையானால் சினேகிதர்களோடு ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொண்டு பலாங்கொடைப் பக்கம் ஏறிவிடுவார்கள், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை எதையாவது உரசிக்கொண்டு கலர் கலக்க என்னிடம் வருவார்கள். இன்றைக்கு மேசையில் ஸியாமுடைய பழைய செலிக்கா காரின் பெட்ரோல் மூடி கிடக்கிறது, சிவப்பு, கலர் பார்க்க எல்லோரும் அதைத்தான் கழற்றிக்கொண்டு வருவார்கள், கதவைச் சுமந்துகொண்டா வர முடியும். ஸியாம் முன்பக்கம் முழுவதையும் மாற்றப் போகிறாராம், மேலெழும்பித் திறக்கிற அந்த லைட்டுகளை எடுத்துவிட்டு மெல்லிசாக, கோடு கிழித்தது போல எல்.இ.டி., பெரிய வாய் வைத்த புது பம்பர். ஆஸிக்குக்கு அதைக் கேட்டதிலிருந்து பொறுக்கவில்லை. "முப்பது வருஷத்துக்கு முந்தின மூஞ்ச வெச்சிக்கிட்டு எத்தன நாளைக்கு ஓட்டுறது? இப்ப வர்ற காரப் பாரு, மூஞ்சில ஒரு கோபம் இருக்கு" என்கிறார் ஸியாம், போனில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டிக்கொண்டே. "கோபமா? வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிது. அந்த ஓட்டையெல்லாம் பொய் ஓட்டை மச்சான், காத்தே போகாது. அஞ்சு வருஷத்துல இது பழசாயிரும். ஒன்ட காரு பழசாகி முடிஞ்சிருச்சு, இனிமேப் பழசாகாது." அடடா, இது நல்ல பேச்சுதான், ஆனால் ஸியாம் விடுவாரா, "இது வந்த நாள்ல சவுக்காரக் கட்டின்னு சிரிச்சது யாரு, ஒன்ட வாப்பாதானே? அன்னைக்கு இதுதான் புதுசு. அந்த லைட்டோட நீ ஓட்டிப் பாத்தியா? மழ பேஞ்சா ஒரு கண்ணு தொறக்கும், மத்தது தொறக்காது, ஒத்தக் கண்ணோட மலையேறணும்." தங்களுக்குள் இப்படித் தமிழில் பொரிந்துவிட்டு, பிறகு என் பக்கம் திரும்பி, குரலைக் கொஞ்சம் மெதுவாக்கி, சிங்களத்தில், நங்கி, இன்னும் பத்து நிமிஷம் கொடுங்கள் என்கிறார் ஸியாம். நான் சிரித்து, சிங்களத்திலேயே பரவாயில்லை என்கிறேன்.

நங்கி... நாலு வருஷமாக நான் இவர்களுக்கு நங்கிதான், சிங்களத் தங்கச்சி. யாரும் என்னை அப்படி இருக்கச் சொல்லவில்லை, முதலாளி ஒரு வார்த்தை சொன்னதில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். கோகிலா என்ற பெயர் இரண்டு பக்கமும் செல்லும், சிங்களம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு, பொட்டு ஒன்றுதான் மிச்சம், அதைக் காலையில் எங்கள் ஊர் ஓப்பநாயக்கவில் பஸ் ஏறினதும் எடுத்துக் கைப்பையின் உள்பக்கம் ஒட்டிவிடுவேன், சாயங்காலம் இறங்கும்போது திரும்பவும் நெற்றிக்கு. ஏன் எடுத்தேன்? பயமா? பயம் என்று சொல்ல முடியாது. கேள்வி வராது, அதுதான், தோட்டமா, எந்தத் தோட்டம், லயத்து வரிசை வீட்டிலேயா இருக்கிறீர்கள், அந்தக் கேள்விகள் ஒன்றும் வராது, வருகிறவர்கள் கலரைப் பற்றி மட்டும் கேட்பார்கள், கலரில் எனக்கு நிகர் இந்த ரோட்டில் இல்லை, அது நிறைவாக இருந்தது. அப்படியானால் சுஜீதாவுக்கும் அந்த நிறைவு கிடைக்கட்டுமே, டவுன் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானத்துக்கு டீச்சர் இருக்கிறார், தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குக்கே ஆள் இல்லை, பிரதீபன் சொல்வதில் என்ன பிழை... பிழை இல்லை. சிங்களத்தில் படிக்கட்டும், யார் வேண்டாம் என்றது. பள்ளிக்கூடத்துக்குள் போகிற அன்றைக்கே வீட்டைப் பற்றி ஒரு பொய்யோடு போக வேண்டுமா என்பதுதான். ஆனால் தமிழ் என்று எழுதி இடம் கிடைக்காமல் போனால்? அப்போது யாரைக் கேட்பது?

இந்தக் கடை வாசலில்தான், இரண்டு வருஷம் இருக்கும், அம்மா வந்து நின்றது. கிளினிக்குக்கு வந்த கருப்பாயி, என்னைப் பெற்றவள், தேயிலைக் கொழுந்துக் கறை போகாத விரல், நெற்றி நிறைய விபூதி, கையில் மருந்துத் துண்டு. கடைக்குள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். நான் வாயைத் திறந்தேன், வந்தது என்ன, "மொனவத ஓனே அம்மே?", என்ன வேண்டும் அம்மா என்று, வேறு யாரோ ஒரு அம்மாவைக் கேட்பது போல, சிங்களத்தில். சத்தியமாக நான் யோசித்துச் சொல்லவில்லை, நாக்கு பழக்கத்தில் புரண்டுவிட்டது, ஆனால் புரண்ட நாக்கைத் திருப்பவும் இல்லையே நான். அம்மா ஒரு நிமிஷம் என் நெற்றியைப் பார்த்தது. பிறகு தட்டுத் தடுமாறி, சிங்களத்திலேயே, ஒரு சின்ன டின் பச்சைப் பெயிண்ட் கேட்டது. காசைக் கொடுத்தது, டின்னை வாங்கிக்கொண்டு போயிற்று. வீட்டுக்குப் போய் லயத்துக் கதவுக்கு அடித்ததாம், சின்ன டின்தானே, பாதிக் கதவுக்குத்தான் காணும், இன்றைக்கும் அந்தக் கதவு கீழ்ப்பாதி மட்டும் பச்சை. ஏன் வாங்கினாய் என்று நான் கேட்டதில்லை, அம்மாவும் சொன்னதில்லை, போகும்போதெல்லாம் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டுதான் உள்ளே போகிறேன்.

"சரி, ஒன்ட பேச்சும் வேணாம் என்ட பேச்சும் வேணாம்" என்று ஸியாம் மூடியை எடுக்கிறார், இறங்கி வந்துவிட்டார் போல. "லைட்ட வுடுறேன். பம்பர மட்டும் மாத்துறேன். கலர் ஒனக்கு விருப்பமான மாதிரி, அசல் கலர்." ஆஸிக்கின் முகம் மலர்கிறது, மூடியைப் புரட்டி உள்பக்கத்தைக் காட்டுகிறார், அங்கே வெயிலே படாமல் முப்பது வருஷத்துக் குங்குமச் சிவப்பு அப்படியே இருக்கிறது, வெளிப்பக்கமோ செங்கல் மாதிரி வெளுத்திருக்கிறது. உள்பக்கம்தான் அசல், இதுக்கே கலக்கச் சொல்லு, என்கிறார் ஆஸிக். ஐயோ, இரண்டு பேரும் சண்டை போட்டபோது ஆளுக்குப் பாதி சரியாக இருந்தது, ஒத்துப்போனதும் முழுக்கப் பிழையாகிவிட்டதே, பம்பர் மட்டும் அந்தச் சிவப்பில் வந்தால் கார் எப்படி இருக்கும், யாராவது சொல்ல வேண்டாமா, நான் சொல்லிவிட்டேன், "அப்படி அடிச்சா ஒட்டுப் போட்ட மாதிரி இருக்குங்க. உள்பக்கம் வெயிலே பாக்கல. காரு முப்பது வருஷமா வெயில்ல நின்னுருக்கு. முழுக் காருக்கும் அடிக்கிறதுன்னா உள்பக்கத்துக்குக் கலக்கலாம், பம்பருக்கு மட்டும்னா இப்ப இருக்குற கலரத்தான் பாக்கணும்."

தமிழில். முழுவதும் தமிழில், தோட்டத்துத் தமிழில், -ங்க போட்டு. காது இரண்டும் சூடாகிவிட்டன, இதோ கேட்கப் போகிறார்கள், அட, நீங்க தமிழா என்று... ஸியாம் தலையைச் சொறிகிறார், "அப்ப வெளிப்பக்கத்துக்கே கலந்து தாங்க தங்கச்சி" என்கிறார், அவ்வளவுதான், என்னமோ நாலு வருஷமாக நாங்கள் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தது போல. என்னால் முடியவில்லை, கேட்டே விட்டேன், "நான் தமிழ்னு தெரியுமா ஒங்களுக்கு?" இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், ஆஸிக்தான் சொன்னார், கொஞ்சம் வெட்கத்தோடு, "மொத நாளே தெரியும். கலருக்குக் கடைசியில சொட்டுச் சொட்டா ஊத்துறீங்களே, அப்ப வாய்க்குள்ள தமிழ்லதானே எண்ணுறீங்க. சிங்களத்துல பேசினாத்தான் ஒங்களுக்கு விருப்பம்னு நெனச்சோம்."

முதல் நாளே... அப்படியானால் முதலாளிக்கும், ரோட்டுக்கு அந்தப் பக்கத்து டயர் கடைக்கும், எல்லோருக்கும்... நாலு வருஷமாக ஒரு ஊரே எனக்காக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறது, அம்மா ஒரு டின் பச்சைப் பெயிண்டை வாங்கிக்கொண்டு போனது மாதிரி. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் அடக்கிக்கொண்டு தராசில் டப்பாவை வைத்தேன், சிவப்பை ஊற்றினேன், கொஞ்சம் வெள்ளை, பிறகு மஞ்சள், கடைசியில் கறுப்பு, அதுதான் சொட்டுச் சொட்டாக. ஒன்று, இரண்டு, மூன்று... என் உதடு அசைவது இன்றைக்குத்தான் எனக்கே தெரிகிறது, தெரிந்ததும் எண்ணிக்கை விட்டுப்போயிற்று, நாலா, ஐந்தா, போச்சு, கலரைத் திரும்ப முதலிலிருந்து கலக்க வேண்டும், மணி மூன்றே முக்கால், கைப்பையில் வரிசையாக ஒட்டிய பொட்டுகளுக்குப் பக்கத்தில் அந்தப் படிவம், அந்த ஒரு பெட்டி. எழுதிவிடலாம், ஒரே ஒரு சொல்தானே. சுஜீதா புளியங்கொட்டையை வைத்து எண்ணி விளையாடுவாள், மடியில் போட்டுக்கொண்டு, உதட்டை அசைத்து, சத்தம் வராமல், என்னைப் போலவே. எந்த மொழியில் எண்ணுகிறாள்? ஐந்து வருஷம் கூடவே படுத்து எழும்புகிறேன், ஒரு நாளும் குனிந்து கேட்டதில்லையே நான்.