லிப்ராதாவின் சூளை

வாருங்கள், சான் பர்த்தோலோ ஊராரே! கரும்பானையால் பெயர் பெற்ற நம் ஊரில் ஒருத்தியின் பானைகள் சிவந்து கிடக்கின்றன. வந்து பாருங்கள், பார்த்தபின் குற்றம் யாருடையது என்று சொல்லுங்கள்.

லிப்ராதா கணவனை இழந்தவள். கொழுந்தன் அபுந்தியோவின் பட்டறையில் களிமண் பிசைந்தாள், வனைந்தாள், படிகக்கல்லால் தேய்த்து மெருகேற்றினாள். பானையின் அடியில் அபுந்தியோ தன் பெயரைக் கீறினான். இவ்வாண்டு மழை ஓய்ந்ததும் அவள் தன் முற்றத்தில் சூளை தோண்டி, தன் பானைகளில் தன் பெயரையே கீறினாள். அவள் செய்த பாவம் அவ்வளவே.

சூளை மூடுவது ஒருவர் வேலையா? பானைகள் கனன்று நிற்கும்போது கீழ்வாயையும் மேல்வாயையும் ஒரே மூச்சில் சேற்றால் அடைக்க வேண்டும். புகை உள்ளே சிறைப்பட்டால் மண் கறுக்கும். காற்று நுழைந்தால் சிவக்கும். அதனால்தான் ஒரு வீட்டுச் சூளைக்குத் தெருவே கைகொடுக்கிறது. அவளும் எத்தனை வீடுகளுக்குச் சேறு சுமந்தாள்!

அன்று பிற்பகல் நான்கு பேருக்குப் போதுமான சேறு குழைத்தாள். வருபவர்கள் குடிக்க மக்காச்சோளமும் கொக்கோவும் அரைத்துத் தெஹாத்தே கரைத்து வைத்தாள். ஒருவரும் வரவில்லை. மதிலருகே சென்று அடுத்த வீட்டுத் தொமாசாவை அழைத்தாள்.

"ஏ தொமாசா! நெருப்பு பதமாயிடுச்சுடி, வா!"

"இடுப்பு பிடிச்சுக்கிச்சுக்கா."

"காலையில கோழியைத் துரத்திக்கிட்டு ஓடினியே, அப்ப அந்த இடுப்பு எங்கடி போயிருந்துச்சு?"

தொமாசா குரலைத் தாழ்த்தினாள். "நான் மெருகு போடுறது அவர் பட்டறைக்குத்தானேக்கா. நாளையிலேருந்து வராதேன்னுட்டா புள்ளைங்களுக்கு என்னத்தக் குடுப்பேன்?"

தெருவில் நின்ற அபுந்தியோ சிரித்தான். "என்ன அண்ணி, பேரு கீறத் தெரிஞ்ச கைக்குச் சேறு பூசத் தெரியலியா? இனிமே என் பேரையே கீற ஒத்துக்குங்க, இப்பவே ஆளோட வந்து மூடித் தர்றேன்."

"அங்கயே நில்லுங்க தம்பி. புகைபட்டா உங்க வெள்ளைச் சட்டை வீணாப் போயிடும்."

அவள் மேலே பூசும்போது கீழே வெடித்தது. கீழே ஓடி அப்பும்போது மேலே புகை பீறிட்டது. இரண்டே கைகள், அவையும் கொப்பளித்துவிட்டன. மற்றவர்களுக்கென்று குழைத்த சேறு வெயிலில் பாளமாக வெடித்தது. அந்தி சாய்ந்ததும் சூளையோரம் அமர்ந்து ஒரு குவளைத் தெஹாத்தே குடித்தாள். எஞ்சியதைச் செடிக்கு ஊற்றினாள்.

மறுநாள் திறந்தபோது அத்தனையும் செங்கல் நிறம். ஒன்றையும் அவள் உடைக்கவில்லை. சுவரோரம் அடுக்கிவிட்டு மீண்டும் களிமண் பிசைய உட்கார்ந்தாள்.

அபுந்தியோவைத் திட்டிவிட்டுக் கலைந்து போகாதீர்கள். அவன் ஒருவன். அவளுடைய சூளைக்குள் காற்றை விட்டவை நாம் சாத்திக்கொண்ட கதவுகள். தொமாசாவை அவன் நிறுத்துவானாம்! மெருகு போடும் பெண்கள் எல்லோரும் ஒன்றாக வந்து நின்றால் யாரை நிறுத்துவான்? தானே உட்கார்ந்து தேய்ப்பானா?

வருகிற சனிக்கிழமை அவள் மீண்டும் தீ மூட்டுகிறாள். கதவைத் திறவுங்கள். தொமாசாவையும் கைபிடித்து அழைத்து வாருங்கள். சேற்றை அள்ளுங்கள், அந்தச் சூளையை மூடுங்கள்!